பதுளைக்குத் தைத்த சட்டை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்தேன். பின்னாலேயே நாலு பேர் மாலையும் கையுமாக ஏறி வந்தார்கள். பதுளையில் ஏதோ சங்கம் வைத்திருக்கிறார்களாம். செயலாளர் ஷுக்ரி கோட்டுப் போட்ட இளம்பிள்ளை. லுணுகலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினான். வேடப் பெண்களின் கைத்தொழிலுக்கு வழி செய்து, பதினைந்து வருஷமாக அவர்கள் அடுப்பில் உலை வைத்தவர் நம்முடைய மர்ஸூக் முதலாளிதான் என்றான். எதிர்க்கடைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

மாலையைப் போட்டார்கள், கழுத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எந்தக் காலத்திலும் வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல் வந்ததில்லை. வேண்டாத சொல்தான் முந்திக்கொண்டு வந்து தொலையும்.

மாலையோடு போயிருந்தால் பரவாயில்லை. கண்ணாடி போட்ட படம் ஒன்றையும் கொடுத்தார்கள். அந்தக் காலத்துப் பதுளைக் கண்காட்சியில் பிடித்த படம், ஒரு வெள்ளைக்காரத் தொரை வீட்டு ஏலத்தில் கிடைத்ததாம். படத்தில் வேடப்பெண் கைரி ஒரு மரக்குற்றிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். இடுப்புக்கு மேலே துணி இல்லை. பக்கத்தில் நான் துருக்கித் தொப்பியும் கோட்டுமாக, ஏதோ யானையைப் பிடித்துக் கட்டியவன் மாதிரி நிற்கிறேன். என் இடது கையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கிறது.

இது என்ன முதலாளி என்று ஷுக்ரி அதைத் தொட்டுக் கேட்டான். துவாய் என்றேன். அன்றைக்கு வெயில் அதிகம், முகம் துடைக்க வைத்திருந்தேன் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். பாருங்கள், பதினைந்து வருஷம் கழித்தும் இந்த வாய் திருந்தவில்லை.

அது துவாய் இல்லை. என் மனைவி ஸகீனா தைத்த சட்டை. அவள் மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருஷமாகிறது. இப்போது இதைச் சொல்லி என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூட முடியாது, கேளுங்கள்.

கைரி என்கிறவள் பிபிலைப் பாதையில் இறங்கிக் காட்டுக்குள் அரை நாள் நடக்க வேண்டிய ஒரு வேடக் குடியிருப்பைச் சேர்ந்தவள். ஐந்து வீடுதான் அங்கே. அவள் புருஷனைக் கரடி அடித்து வலது கை விளங்காமல் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள். காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் போடக்கூடாது என்று சர்க்கார் தடுத்த பிறகு குரக்கனும் இல்லை, சோளமும் இல்லை. ஆரம்பத்தில் தேன் கொண்டுவந்து உப்பும் அரிசியும் வாங்கிப் போவாள். அந்த வருஷம் மழை பொய்த்துத் தேனும் இல்லாமல் போனது. ஒருநாள் வெறும் மரப்பட்டைப் பை ஒன்றை நீட்டி, இதற்கு உப்புத் தருவாயா என்று சிங்களத்தில் கேட்டாள்.

எனக்கு அந்தப் பையைப் பார்த்தால் சாக்குக்கும் கேடுகெட்டதாகத் தெரிந்தது. போ போ என்று விரட்டியிருப்பேன். உள்வீட்டுத் திரைக்குப் பின்னால் இருந்த ஸகீனாதான் அவளைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னாள். ஆகவே முதல் பொய்யை இங்கேயே ஒழித்துவிடுகிறேன்: வழி செய்தவன் நான் இல்லை, அவள்.

அவர்களுக்குள் பாஷை இல்லை. ஸகீனாவுக்குச் சிங்களம் பத்துச் சொல் வரும், கைரிக்குத் தமிழ் அதிலும் குறைவு. ஆனாலும் சந்தை நாளில் கைரி வந்தால் கொல்லையில் இரண்டு பேரும் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஸகீனா சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பாள். கைரி பை செய்கிற விதத்தைக் காட்டுவாள். ரிட்டி என்கிற மரத்தின் கிளையை வெட்டி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்பட்டையை மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டவேண்டும். தட்டத் தட்டப் பட்டை இளகும். பிறகு காலுறையைக் கழற்றுவது போல முழுசாக உருவி எடுத்து, ஆற்றில் அலசி, மறுபடியும் தட்டினால் துணி மாதிரி ஆகிவிடும். அடியில் மட்டும் நாரால் ஒரு தையல். பக்கத்தில் தையலே கிடையாது. தலைக்கு மேலே கையைத் தூக்கித்தான் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அடி ஒரே சீராக விழாது என்று ஸகீனா எனக்கு விளக்கினாள். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

ஸகீனா அந்தப் பையில் மிளகு போட்டு வைத்தாள். மாரி முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கவில்லை. ஏலக்காய் போட்டாள், வாசம் போகவில்லை. ஒருநாள் சாப்பாடு வைத்துக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சாருங்க, இந்தப் பைய ஒருக்காத் தோட்டத்துத் தொரைசாணிக்குக் காட்டுங்க. இப்பிடி வேல அவங்கட ஊருலயும் ஈக்காது. அஞ்சு வீட்டுப் பொம்புளைகளும் தட்டினா அஞ்சு வீடும் பசியில்லாம ஈக்கும்."

வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு வியாபாரம் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, மறுநாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரய்யா எனக்குப் பழக்கம். அவர்தான் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். தொரைசாணி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். அந்தக் குரலிலேயே தெரிந்தது, இதோ மேசையில் வைக்கப் போகிறாள், என்னை அனுப்பப் போகிறாள் என்று. கடைக்காரனுக்கு அந்த ஒரு கணம் போதும், பைத்தியம் பிடிக்க. என் வாய் திறந்துகொண்டது.

இதைச் செய்கிறவர்கள் சாதாரணப் பெண்கள் இல்லை என்றேன். நடுக்காட்டு வேடப் பெண்கள், துணி என்றால் என்னவென்று அறியாதவர்கள், இடுப்பில் இலை மட்டும்தான், ஊரைக் கண்டால் மான் மாதிரி ஓடிவிடுவார்கள், என் ஒருவனுக்குத்தான் அவர்கள் கட்டுப்படுவார்கள் என்று அளந்து தள்ளினேன். தொரைசாணியின் கண் அகன்றது. மேசைக்குப் போன பை மடிக்குப் போனது. வருகிற மாசம் பதுளையில் கண்காட்சி, அதில் தனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது, அந்தப் பெண்ணை அப்படியே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் பை செய்து காட்டச் சொல் என்றாள். பிடித்துவிட்டால் மாசாமாசம் எத்தனை பை வந்தாலும் தானே எடுத்துக் கொழும்புக்கும் தன் ஊருக்கும் அனுப்புவதாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும் வீரய்யா கேட்டார், "ஏன் மர்ஸூக் நானா, அந்தப் பொம்பளை நம்ம கடைவீதிக்குத் துணி உடுத்திக்கிட்டுத்தானே வருது? மாரு மேலயும் ஒரு துண்டு போட்டிருக்குமே?"

இலை உடுத்தினவர்களை நான் என்ன, என் வாப்பாவும் கண்டதில்லை. அது எனக்குத் தெரியாதா? வியாபாரப் பேச்சு வீரய்யா, அங்கே போனபின் கூட்டத்தில் யார் இதை நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்று சிரித்தேன்.

செய்தி கேட்டு ஸகீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. கைரி பதுளைக்குப் போகிறாள், பெரிய இடத்தில் உட்காரப் போகிறாள், கந்தல் துண்டோடு போகலாமா? கடையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்துவரச் சொன்னாள். முழங்கை வரை கை, கழுத்துவரை பொத்தான், கழுத்தோரம் நீல நூலில் மெல்லிய வேலை. அளவெடுக்கும்போது கைரியைக் கட்டையைத் தூக்கி அடிக்கிற மாதிரி செய்யச் சொல்லி, அக்குளில் எங்கே இழுக்கிறது என்று தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு அக்குளிலும் ஒரு சதுரத் துணி வைத்து விட்டுத் தைத்தாள். நான் இதையெல்லாம் கணக்கப்பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பங்களாவில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸகீனா என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆகவே சொல்லவில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு கைரி கொல்லையில் நடந்ததை நான் பார்த்தேன். கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். பிறகு ஸகீனாவின் கன்னத்தை இரண்டு கையாலும் தொட்டாள். ஸகீனா அழுதுவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவி என்னோடு வண்டியில் போனால் நாலு பக்கமும் திரை கட்டித்தான் போவாள். காற்றில் திரை விலகினால் வண்டிக்காரனை நான் அதட்டுவேன். மர்ஸூக் வீட்டுப் பெண்ணின் விரல் நகத்தைக்கூட வெளியார் கண்டதில்லை என்று பள்ளிவாசலில் பெருமை பேசுவேன். இதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்து வீட்டுப் பெண்களும் தட்டிய நாற்பது பைகளோடு மாட்டு வண்டியில் பசறை வழியாகப் பதுளைக்குப் போனோம். நானும் வீரய்யாவும் முன்னால், கைரி பின்னால். சட்டையில் தூசி படும் என்று வழி முழுக்க அவள் வண்டியில் சாயவே இல்லை. குடியிருப்பில் மற்ற நாலு வீட்டுப் பெண்களும் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று வீரய்யா சிங்களத்தில் கேட்டார். வெறுங்கையோடு வராதே என்றார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பல்வரிசை அவளுக்கு.

பதுளைத் திடலில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு, கோஸ், பூந்தொட்டி, குதிரை, எல்லாம் பார்க்க ஜனம் அலைமோதியது. எங்கள் கொட்டகையில் கைரி குற்றியையும் கட்டையையும் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். கழுத்துப் பொத்தானை மட்டும் புழுக்கத்துக்குத் திறந்து விட்டிருந்தாள். தொரைசாணி நாலைந்து வெள்ளைக்காரர்களோடு வந்தாள். கைரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தோட்டத்தில் படித்த தமிழில் சொன்னாள்:

"இது கடைத்தெரு பொம்பளே. காட்டுப் பொம்பளே எங்கே? நீ பொய் சொல்லிச்சு."

பின்னால் நின்ற வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டது. காட்டுப் பெண்தான், வெட்கத்தில் இரவல் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று உளறினேன். படம் பிடிக்கிறவனை அழைத்து வரப் போகிறேன், அதற்குள் சரியாக்கு, இல்லையென்றால் பையை எல்லாம் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு அவள் பூந்தொட்டிப் பக்கம் நடந்தாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று பதினைந்து வருஷமாக யோசிக்கிறேன். நான்தான் பொய் சொன்னேன் தொரைசாணி, பையைப் பாருங்கள், பெண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது பையையும் வண்டியில் போட்டுக்கொண்டு பதுளைக் கடைகளில் விற்றிருக்கலாம். மெதுவாக விற்கும், ஆனால் விற்கும். பொய்யன் என்று நாலு வெள்ளைக்காரர்கள் சொன்னால் என் தலையா போயிருக்கும்? அன்றைக்கு என் தலை போகிற மாதிரித்தான் இருந்தது.

கைரியைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டேன். வீரய்யா என் முகத்தைப் பார்த்ததும் விலகிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட ஆரம்பித்தார்.

நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தட்டும்போது கையைத் தூக்க வேண்டுமே, சட்டை கிழிந்துவிடும், கழற்றி வைத்துவிடு என்றேன்.

கைரி சிரித்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "கிழியாது முதலாளி. அம்மா இங்கே விட்டுத் தைத்திருக்கிறாள், பார்" என்று சிங்களத்தில் சொன்னாள். அக்குளில் இருந்த அந்தச் சதுரத் துணியைக் காட்டினாள்.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். சீ, அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, தொரைசாணிக்குச் சட்டை போட்டால் பிடிக்காது என்றேன்.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. ஏன் பிடிக்காது என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"கழற்றினால் பையை எல்லாம் எடுப்பார்களா?"

"எடுப்பார்கள்" என்றேன்.

திரும்பி நின்று பொத்தானைக் கழற்றினாள். சட்டையை நாலாக மடித்தாள், நீல நூல் வேலை உள்ளே போகிற மாதிரி. தரையில் வைக்க இடம் பார்த்தாள், எங்கும் செம்மண். என்னிடம் நீட்டினாள். அழுக்காகாமல் பிடித்துக்கொள் என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தத் துணி என் கைக்கு வந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் அவள் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் வந்தார்கள்! குனிந்து பார்த்தவர்கள், குடையால் சுட்டிக் காட்டியவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியவர்கள். கைரி கட்டையைத் தலைக்கு மேலே தூக்கவே இல்லை. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாகத் தட்டினாள். அடி சீராக விழவில்லை. உருவும்போது பட்டை நடுவில் கிழிந்தது. அவள் கையில் பட்டை கிழிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பதுளைக்குப் போனால் பள்ளிவாசலில் என்னோடு ஒரே சஃப்பில், தோளோடு தோள் நின்று தொழுகிறவர்களும் கூட்டத்தில் வந்தார்கள். ஒருவர் ஸலாம் சொன்னார், பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். இவர்கள் மூலமாக ஸகீனாவுக்குக் கதை போய்விடும் என்று எனக்கு உள்ளூர நடுக்கம். போகவே இல்லை. ஏன் தெரியுமா? வேடப்பெண் ஒருத்தி மேல்துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தது ஒரு செய்தி என்றே யாருக்கும் படவில்லை. எங்களில் ஒருவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் பதுளை பற்றி எரிந்திருக்கும்.

நாற்பது பையும் போய்விட்டது. கிழிந்த பையைக்கூட ஒருத்தி வாங்கிக்கொண்டாள். மாசாமாசம் கொண்டுவா, இனி நானே உன் கடைக்கு வந்து பொறுக்கி எடுப்பேன் என்று தொரைசாணி என் கையைக் குலுக்கினாள். வலது கையைத்தான் கொடுத்தேன். இடது கையில் சட்டை இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கைரி சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் பூட்டினாள்.

திரும்புகிற வழியில் நான் பேசிக்கொண்டே வந்தேன். இத்தனை அரிசி, இத்தனை உப்பு, கருவாடு, புருஷனுக்குப் போர்வை, எல்லாம் இந்த மாசமே தருகிறேன், இனி ஐந்து வீட்டுக்கும் கவலை இல்லை என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வீரய்யா மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். பசறை தாண்டிய பிறகு கைரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், இனி எப்போதும் இப்படித்தானா என்று.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்காதீர்கள். தொரைசாணி வருகிற இடமென்றால் அப்படித்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஸகீனா திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சட்டை எப்படி, எல்லோரும் பார்த்தார்களா, என்ன சொன்னார்கள் என்று ஒரே பரபரப்பு. எல்லோரும் பார்த்தார்கள் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கைரி ஏன் கொல்லைப்பக்கம் வராமல் நேரே போய்விட்டாள் என்று கேட்டாள். அலுப்பு, பிள்ளைகள் ஞாபகம் என்று எதையோ சொன்னேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன், ஸகீனா இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் போயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொரைசாணி பை எடுக்கக் கடைக்கு வருகிறாள் என்று வீரய்யா சேதி கொண்டுவந்தார். பிபிலைப் பக்கம் போகிற தேன்காரனிடம் கைரிக்குச் சொல்லி அனுப்பினேன். தொரைசாணி வருகிறாள், பையைக் கொண்டுவா. சொன்னது இவ்வளவுதான். இந்தச் சேதி அவள் காதில் எப்படி விழும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்கிறேன்?

ஞாயிறு சந்தை நாள். தோட்டத்து ஜனம் முழுக்கக் கடைத்தெருவில். காலையிலிருந்து மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு நின்றது, தொரைசாணி வரவில்லை. பகல் கொஞ்சம் சாய்ந்தபோது தெருவின் அந்த முனையிலிருந்து கூச்சலும் சீழ்க்கையும் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

கைரி வந்துகொண்டிருந்தாள். பதினைந்து இருபது பைகளை ஒன்றாக அடுக்கி மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். மேலே வேறு ஒன்றும் இல்லை. முதுகில் மழைத்துளி. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க, யாரையும் பார்க்காமல் என் கடையை மட்டும் பார்த்து நடந்து வந்தாள். ஊருக்கு வெளியே மதகடியில் நின்று சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அங்கேயிருந்து என் கடைக்கு முந்நூறு அடி இருக்கும். முந்நூறு அடியும் அப்படி நடந்து வந்தாள்.

கடைக்குள் ஏறினாள். உள்ளே தொரைசாணியைத் தேடினாள். இல்லை என்று கண்டதும் அவள் முகத்தில் என்ன வந்தது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்தக் கூச்சலைக் கேட்டு ஸகீனா உள்திரையை விலக்கிவிட்டாள்.

ஸகீனா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, தெருவில் ஆண்கள் நிற்கிறார்கள் என்பதையும் மறந்து இரண்டு எட்டு வெளியே வந்து கைரியின் கையைப் பிடித்துத் திரைக்கு உள்பக்கமாக இழுத்துக்கொண்டாள். நான் வாசற்பலகையை அடைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

"நான் தைச்ச சட்ட எங்க?" என்று ஸகீனா கேட்டாள்.

சட்டை என்ற சொல் கைரிக்குத் தெரியும். மேல் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தாள். நாலாக மடித்து, அழுக்குப் படாமல், நீல நூல் உள்ளே இருக்கிற மாதிரி. இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினாள். பத்திரமாக வைத்திருக்கிறேன் பார் என்று காட்டினாள் என்று எனக்குப் புரிந்தது. ஸகீனாவுக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டே இப்படித் தெருவில் வந்தாளா!

"முதலாளி..." என்று கைரி தமிழில் தொடங்கினாள். அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை. என்னைப் பார்த்தாள்.

ஸகீனாவும் என்னைப் பார்த்தாள். "என்னங்க இது? ஒங்களுக்கு என்னமாச்சும் தெரியுமா? இவ ஏன் இப்பிடி வந்தீக்கிறா?"

இதுதான் சமயம். இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கழற்றச் சொன்னேன் என்று ஐந்து சொல்கூட இல்லை. தொண்டையில் வந்து நின்றது, சத்தியமாக வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இதைச் சொன்னால் என் மனைவி இனி என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பது ஒன்றுதான்.

"காட்டு ஜனம் ஸகீனா" என்றேன். "நீ எதத் தைச்சுக் குடுத்து என்ன? அதுகளுக்கு மானம் மரியாத எங்க தெரியும்?"

ஸகீனாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் என்னை நம்பினாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னை நம்பித்தான் பழக்கம். கைரியின் கையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டாள். கத்தவில்லை.

"என்ட சொந்தத் தங்கச்சிக்குத் தைக்கிற மாதிரித் தைச்சேன் புள்ள. ஒனக்கு வேணாம்னா தெருவுல வந்து காட்டணுமா? இனிக் கொல்லப்பக்கம் வராத. பை ஈந்தா கடையில குடுத்துட்டுப் போ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாகும்வரை அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள். கைரியின் பெயரை அவள் மறுபடி எடுத்ததே இல்லை.

கைரிக்கு எவ்வளவு புரிந்தது என்று கேட்பீர்கள். சொல் புரியாவிட்டால் என்ன, சட்டை போன கை புரியாதா? அவள் அங்கேயே நின்றாள். பைகளை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் காத்திருந்தாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவான் இவன் என்று காத்திருந்தாள். உள்ளே ஸகீனா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நான் கடைப்பக்கம் வந்து தராசுத் தட்டைத் துடைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூரையில் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. கைரி திரையைத் தாண்டி வந்து பைகளைக் கடைமேசையில் வைத்தாள். வைப்பதற்கு இரண்டு கையையும் எடுக்க வேண்டியிருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், பெரிய மானஸ்தன் மாதிரி. என் முதுகுக்குப் பின்னால் அவள் சிங்களத்தில், சந்தை நாள்களில் எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அடுத்த தரம் எத்தனை பை வேண்டும்?"

"இருபது" என்றேன்.